பாதாம் மாவும் பாதிச் சவரமும்

என் சித்தப்பா முடிவெட்டுபவர். ஆனால் பேசாதவர். மற்ற கடைகளில் முடிவெட்டுகிறவர் பேசுவார், உட்கார்ந்திருப்பவர் தலையெழுத்தே என்று கேட்க வேண்டும். இங்கே தலைகீழ். கழுத்தில் துணி கட்டி, நுரை பூசி, கத்தியைத் தொண்டையில் வைத்த பிறகும் சிலர் விடாமல் பேசுவார்கள். சித்தப்பா கத்தியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பார். ஒரு வாக்கியம் முடிந்ததும் ஒரு இழுப்பு, முற்றுப்புள்ளி வைப்பது போல.

கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று உயரும், தாழும். மற்றது தாழ மட்டும் செய்யும், அதுவும் அதற்கு மனம் வந்தால். துள்ளும் குழந்தையாகட்டும், படுத்த படுக்கையான கிழவராகட்டும், சித்தப்பா கையால் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. "அவர் கையில கழுத்தைக் கொடுத்துட்டுத் தூங்கலாம்" என்பார்கள். தூங்கவும் செய்தார்கள். குறட்டைக்குத் தகுந்தபடி கத்தியை நகர்த்த அவருக்குத் தெரியும்.

அவர் மிச்சம் பிடித்த சொற்களையெல்லாம் செலவழிப்பது சித்தி.

இப்படிப்பட்டவருக்குச் சுகர் வந்தது. நோயாளி ஆனது அவர், டாக்டர் ஆனது தெரு. அதில் இரண்டு பேர் பெரிய டாக்டர்கள். உயரும் நாற்காலிக்கு 'பாதாம்'. எதிர்ச்சாரியில் ஆரோக்கிய மாவுக் கடை வைத்திருப்பவர். தாழும் நாற்காலிக்கு 'தவிடு'. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இரண்டும் நான் வைத்த பெயர்கள், ஆனால் ஒட்டிக்கொண்டன.

"கோதுமை, அரிசி, மைதா எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க, தம்பி. உள்ள போனா அத்தனையும் சர்க்கரை. பாதாம் மாவுக்கு மாறிடுங்க, கொஞ்சம் தேங்காய் மாவும் கலந்துக்குங்க" என்பார் பாதாம்.

"மனுஷன் தானியம் தின்னுதான்யா இவ்வளவு தூரம் வந்தான்" என்பார் தவிடு. "தவிட்டோட அளவா தின்னா ஒண்ணும் ஆகாது. என்னைப் பாரு!"

"பார்க்கிறேனே! நீங்க வந்த தூரம், நாற்காலியில இருந்து எந்திரிக்கும்போது தெரியுது."

"உம்ம மாவுல சுட்டா அது ரொட்டியா? மணல் வீடுய்யா, மணல் வீடு!"

இருவருக்கும் நடுவில் கத்தரிக்கோல் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் சித்தப்பாவுக்குள் பயம் இருந்தது. நின்று பிழைக்கிறவர். சுகர்காரருக்குக் காலில் ஒரு புண் வந்தால் அது லேசில் போகாது என்று கேள்விப்பட்டிருந்தார். மாலையில் செருப்பைக் கழற்றியதும் உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒருநாள் பேசாமல் எதிர்ச்சாரிக்குப் போய் ஒரு பை பாதாம் மாவோடு வந்தார்.

அந்த மாவு சித்தியைப் படுத்திய பாடு! பிசைந்தால் சேராது, தட்டினால் உதிரும், திருப்பினால் இரண்டாகும்.

"இது மாவா, உங்க அக்காவா? எவ்வளவு குழைஞ்சாலும் ஒட்ட மாட்டேங்குதே!"

பிறகு முட்டை உடைத்து ஊற்றி, தேங்காய் மாவை அளந்து போட்டு, இரண்டு தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, ஒருவழியாக ரொட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் ஒன்றைச் சுட்டெடுத்தாள். சித்தப்பா மறு பேச்சில்லாமல் தின்றார். முன்பு தின்ற கோதுமை ரொட்டியை அடியோடு நிறுத்தினார்.

மாத்திரை மட்டும் பழைய மாத்திரை. பழைய சாப்பாட்டைக் கணக்கில் வைத்து எழுதிக் கொடுத்தது. ரொட்டியை மாற்றச் சொன்ன வாய் எதுவும், மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

ஒரு முற்பகல். பாதாமின் காதோரத்தைச் சித்தப்பா சீவிக்கொண்டிருந்தார். சட்டை முதுகு நனைந்தது. கை வெடவெடத்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தார், நாக்கு குழறியது. கத்தி பாதாமின் காது மடலில் இறங்கியது. சித்தப்பா அப்படியே சுவரைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாற்காலியில் நுரையோடு காத்திருந்த தவிடு அப்படியே ஓடிப்போய்ச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கி வந்து குடிக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவுக்கு முகம் திரும்பியது. முதலில் கேட்டது, "சாருக்குக் காது எப்படி இருக்கு?"

டாக்டரம்மா சித்தியையும் சேர்த்து வைத்துத் திட்டினாள். "மாவு மேல தப்பில்ல. சாப்பாட்டைக் குறைச்சீங்க, மாத்திரையைக் குறைக்கல. அது பாட்டுக்கு இருந்த சர்க்கரையையும் துரத்திடுச்சு. மாறுறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்க வேண்டாமா?" மாத்திரையைக் குறைத்து எழுதினாள்.

சித்தி நேராக மாவுக் கடைக்குப் போய் இதை அட்சரம் பிசகாமல் சொன்னாள். பாதாம் காதில் ஒட்டிய பிளாஸ்திரியைத் தடவியபடி, "நல்லது, நல்லது" என்றார்.

மறுநாள் தெருவில் பாதாம் சொன்னது வேறு கதை. "காலையிலயே ஊத்திட்டு வந்துட்டான்மா. பாவம், நல்ல தொழில்காரன்!" டீக்கடையில், சலவைக் கடையில், பள்ளிக்கூட வாசலில், எங்கும் அந்தப் பிளாஸ்திரி மெடல் மாதிரி காட்டப்பட்டது. மாவு தின்ற ஆள் மயங்கினான் என்று கிளம்பினால், மாத்திரைக் கதையைக் கேட்க யார் நிற்பார்கள்? மாவா, சித்தப்பாவா என்று பாதாம் பார்த்தார். மாவைக் காப்பாற்றிக்கொண்டார்.

பொய்கூடப் போகட்டும். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடுங்கும் கையிடம் யார் கழுத்தைக் கொடுப்பார்கள்? குழந்தைகளைக் கூட்டிவரும் அம்மாக்கள் வாசலிலேயே திரும்பினார்கள். உள்ளே வந்த ஒருவர், உட்காருமுன் சித்தப்பாவின் மூச்சை முகர்ந்து பார்த்தார். தவிடு மட்டும் வந்தார். வெட்ட முடி இருந்ததோ இல்லையோ, வந்து உட்கார்ந்தார்.

சித்தப்பா கதவைச் சாத்திக்கொண்டு பலூன் ஊதுவார். தொழில் பழகிய காலத்தில் செய்ததாம்: பலூனுக்கு நுரை பூசி, வெடிக்காமல் மழிப்பது. இப்போது தன் கையையே சந்தேகப்பட்டு மறுபடி மழித்துக்கொண்டிருந்தார். பலூன் தீரும்போதெல்லாம் இழுப்பறையில் புதிய பொட்டலம் இருக்கும். யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. சிலவற்றில் பாதாமின் மூஞ்சி வரைந்திருந்ததால் கேட்கத் தேவையும் இல்லை. அந்த மூஞ்சிகளையும் நோகாமல்தான் மழித்தார். ஒன்றே ஒன்று வெடித்தது. கை தவறி என்றார். நான் நம்பவில்லை.

பழிக்குப் பழி என்றால் என்னிடம் யோசனைக்குப் பஞ்சமா? மாவு மூட்டையில் எறும்பு விடுவது. நூறு கிலோவுக்கு ஆர்டர் கொடுத்து, சுடுகாட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்வது. சித்தியின் யோசனை இன்னும் சுருக்கம்: "அந்த நாக்கை இழுத்து வெச்சு அறுக்கணும்."

சித்தப்பா சொன்னது ஒன்றுதான். "நான் முடிவெட்டுறவன். எனக்குத் தெரிஞ்ச வேலையைத்தான் செய்வேன்."

அந்த வேலை தானாக நடந்து வந்தது. புதிய மாவுப் பொட்டலத்தில் பாதாம் தன் படத்தைப் போட ஆசைப்பட்டார். மதியம் போட்டோக்காரர் வருகிறார். பாதாமின் தாடைக்கடியில் ஒரு சுழி. தானே மழித்தாலும், மற்றவர் மழித்தாலும் சிவந்து பொங்கும். அதை அடக்கத் தெரிந்த கை தெருவில் ஒன்றுதான். குடிகாரக் கை.

"பழசை மனசுல வெச்சுக்காதீங்க, தம்பி" என்று வந்து உட்கார்ந்தார்.

சித்தப்பா துணி கட்டினார். நுரை பூசினார். இடது கன்னத்தைக் கண்ணாடி போல மழித்தார். பிறகு கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி?"

"மீதிக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, சார். எங்கெங்க நான் குடிச்சேன்னு சொன்னீங்களோ, அங்கெல்லாம் போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க."

"இப்படியேவா?"

"இப்படியேதான்."

பாதாம் துணியை உருவி எறிந்துவிட்டு, தெருமூலையில் இருக்கும் இன்னொரு முடிவெட்டும் கடைக்கு ஓடினார். அங்கே நடந்ததை மூலைக் கடைக்காரரே பிற்பாடு சொன்னார். அவர் கூட்டிச் சொல்லியிருக்கலாம், நான் குறைக்கவில்லை.

"யார் ஆரம்பிச்சது?"

"அவன்தான்."

"குடிகாரன்னு சொன்னீங்களே, அவர்கிட்டயா போய் உட்கார்ந்தீங்க?"

"நீ மீதியை முடி, முதல்ல."

"ஒருத்தர் கைவெச்ச முகத்துல இன்னொருத்தர் கைவைக்க மாட்டோம், சார். எங்க தொழில்ல அது கிடையாது."

அடுத்த கடையிலும் அதே பதில், சிரிப்பு மட்டும் உபரி. ஒரு கன்னம் பளபளக்க, ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து தொங்க, பாதாம் எங்கள் வாசலில் வந்து நின்றார். சித்தப்பா கதவோரம் கைகட்டி நின்றிருந்தார். பாதாம் அவரைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். டீக்கடைப் பக்கம் நடந்தார்.

சித்தி விடுவாளா? பின்னாலேயே போனாள்.

"அவர் குடிக்கல" என்றார் பாதாம், டீக்கடையில்.

"சத்தமா" என்றாள் சித்தி.

"அவர் குடிக்கல! சுகர் இறங்கிடுச்சு. நான் மாவை மாத்தச் சொன்னேன், மாத்திரையை டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லல. தெரிஞ்சும்தான் மாத்திச் சொன்னேன்."

"'பாவம்'னு சொன்னீங்களே, அது?"

"அதுவும் தப்பு."

சலவைக் கடையிலும் சொன்னார். பள்ளிக்கூட வாசலில் சொல்லும்போது குழந்தைகள் பாதி முகத்தைக் காட்டிச் சிரித்ததில் ஒருமுறைக்கு இருமுறை சொல்ல வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது அவருக்குப் பின்னால் கால்வாசித் தெரு வந்தது. போட்டோக்காரரும் வந்தார்.

அவர் உட்கார்ந்தார். சித்தப்பா புது நுரை பூசினார். கத்தியைப் பிரித்தார். தவிடு எழுந்து நின்றார். சித்தி என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. எல்லார் கண்ணும் அந்தக் கை மேல். வலது கன்னம். மேலுதடு. பிறகு தாடையடி. பாதாமின் குரல்வளை ஏறி இறங்கியது. கத்தி அது அடங்கும்வரை காத்திருந்தது. பிறகு சுழியைச் சுற்றி, ஒரே இழுப்பாக, எறும்பு கடித்த தடம்கூட இல்லாமல் போய் வந்தது.

வாசலில் நின்ற ஒரு அம்மா தன் பையனை முன்னால் தள்ளினாள். "அடுத்து இவன்."

பாதாம் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவராலேயே நம்ப முடியவில்லை. காசை மேசையில் வைத்தார். "வரேன், தம்பி" என்றார்.

பரம எதிரியானாலும் வாசலைத் தாண்டும்போது 'போயிட்டு வாங்க' என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாயில் தானாக வரும்.

"போங்க" என்றார் சித்தப்பா.

பாதாம் படியில் கொஞ்ச நேரம் நின்றார், மீதி வார்த்தை வருமா என்று. சித்தப்பா துணியை உதறி, பையனைத் தூக்கி உட்கார வைத்தார்.