நாலாவது ஆளாக நின்ற படம்

சட்டைப் பையில் வைத்தால் வெளியே தெரியாத கமரா அது. பிலிமைக் கோர்க்கத் தேவையில்லை. பிலிம் அடைத்த சின்னக் கூடு ஒன்றை உள்ளே போட்டு மூடினால் சரி. இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து, கொழும்புக் கடைகளில் புதுச்சாமான் குவிந்த காலம். திருகோணமலைப் பக்கம் இதை யார் வாங்குவார்கள் என்று அறிந்து வர ஒரு கொம்பனி என்னை அனுப்பியது. ஒரு கடையாவது ஓடர் தந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாத முடிவில் கமராவோடு திரும்பிவிட வேண்டியதுதான்.

துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் படித்து வந்தவனுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. பகல் முழுக்க ஆட்களோடு கதைதான். பஸ் நிலையம், மீன் சந்தை, மூதூரில் இருந்து லோஞ்சுப் படகு வரும் ஜெட்டி என்று கண்ட இடமெல்லாம் கமராவைத் திறந்து மூடிக் காட்டுவேன். சிரித்தபடி வாங்கிப் பார்ப்பார்கள், திருப்பித் தருவார்கள். உமக்கு எந்த ஊர் என்று ஒருவரும் கேட்டதில்லை. பின்னேரம் அறைக்கு வந்தால், காலையில் குடித்த தேத்தண்ணீர்க் கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும்.

டவுனில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர்தான் கடைசி நம்பிக்கை.

"ஆளுக்கொரு கமரா வாங்கினால் என்ரை கடைக்கு ஆர் வாறது? என்ரை பிழைப்பைக் கெடுக்கவோ கொழும்பிலை இருந்து வந்தனீர்?"

"படம் கழுவ உங்களிட்டைத்தானே அண்ணை வருவினம்?"

"கலர்ப்படம் நானே கொழும்புக்கு அனுப்பித்தான் கழுவுறன்." பிறகு கொஞ்சம் இளகினார். "சரி, ஒரு வீட்டுக்காரரை வாங்கப் பண்ணும். பிறகு நானும் கடைக்கு எடுக்கிறன்."

பக்கத்து ஊரான சாம்பல்தீவில் ஒருவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக ஆயத்தமாக இருந்தார். மனைவி, மகளோடு ஒரு படம் எடுக்க அவருக்கு ஆசை. சைக்கிளில் பறந்தேன். கடற்கரையில் மூவரையும் நிறுத்திக் கமராவைக் கண்ணில் வைத்ததும் மனைவி விலகி நின்றார்.

"மூண்டு பேர் நிண்டு எடுக்கக் கூடாது. ஒருத்தருக்கு ஆகாது. அதுவும் இவர் பயணம் போற நேரம்."

பக்கத்தில் வலை காயப்போட்டவரைக் கூப்பிட்டார்கள். மேலில் சட்டை இல்லை, ஏலாது என்றார் அவர்.

"அப்ப நீங்களே வந்து நில்லுங்கோ தம்பி" என்றார் கணவர்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரும் எடுக்கலாம் என்று காட்ட இதைவிடச் சந்தர்ப்பம் வருமா? வலைக்காரரிடம் கமராவைக் கொடுத்து, அழுத்தும் இடத்தைக் காட்டிவிட்டு ஓடிப்போய் நின்றேன். கணவர் என் தோளில் கை போட்டார். அந்த ஊருக்கு வந்த பிறகு ஒருவர் என்னைத் தொட்டது அப்போதுதான்.

"இவ்வளவுதானோ?" என்றார் வலைக்காரர், அழுத்திவிட்டு.

"ஓம், இவ்வளவுதான்!" என்று கத்தினேன்.

"படத்தைப் பாத்திட்டு வாங்கிறதைச் சொல்லுறன்" என்றார் கணவர்.

படம் கொழும்பில் இருந்து வருமுன் அவருக்குப் பயணம் சரிவந்துவிட்டது. நான் கொண்டுபோனபோது வீட்டில் மனைவிதான் நின்றார்.

"கமரா அங்கை மலிவாம் தம்பி. லீவிலை வரேக்கை கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

படம் அருமையாக வந்திருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "குறை நினைக்காதேங்கோ, உங்களை வெட்டி எடுக்க ஏலுமோ? அவருக்கு அனுப்பவேணும். கூட இருக்கிறவை இது ஆரெண்டு கேப்பினம்" என்றார்.

"அப்ப மூண்டு பேராகிடுமே அக்கா?"

"எடுக்கேக்கை நாலு பேர்தானே நிண்டது? அது காணும்."

அன்று பின்னேரமே கொம்பனிக்கு உள்ளதை எழுதினேன். இங்கே எல்லாருக்கும் படம் வேண்டும், கமரா வேண்டாம். கமரா வேண்டியவர்கள் வெளிநாட்டில் வாங்கிக்கொள்வார்கள். தபாலில் போட்டுவிட்டு, படத்தோடு ஸ்ரூடியோவுக்குப் போனேன்.

"ஒண்டும் விக்கேல்லை போல?" என்றபடி அவர் கத்தரிக்கோலை எடுத்தார். நேராக வெட்டினார். குடும்பத்தை ஓர் உறையில் போட்டார். என் துண்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"உம்மடை தோளிலை அந்தாளின்ரை கை கிடக்குது. அதையும் வெட்டவோ?"

"வேண்டாம் அண்ணை, கிடக்கட்டும்" என்றேன்.