பம்பைப் பூட்டத் தெரிந்த ஒரே ஆள்

பரந்தனுக்குக் கிட்ட, ஒரு விவசாயச் சங்கத்தின் உழவு மெஷின் கொட்டகையில் கையுதவி ஆட்களில் ஒருவனாக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த வேலையும் போய்விடுமோ என்ற பயத்தோடுதான் தினமும் போவேன்.

எங்கள் மெக்கானிக் கெட்டிக்காரர். ஆனால் டீசல் பம்பில் கை வைக்கும் நேரம் வந்தால் சில்லறையை எடுத்து நீட்டுவார். "போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோடா." நாங்கள் திரும்பும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

மனேஜருக்கும் இது தெரியும். "அந்தாள் இருக்குமட்டும் எனக்கென்ன கவலை" என்பார். அந்தாள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற கவலை எனக்குத்தான். மனேஜர் வாங்கிய சம்பளத்துக்கு அதை அவரல்லவா பட்டிருக்க வேண்டும்?

ஒரு வருஷம், மாரி மழையை நம்பி விதைக்கும் காலபோகத்துக்கு உழவு தொடங்கும் நேரம் பார்த்து மெக்கானிக் கூடுதல் சம்பளத்துக்கு வவுனியா போய்விட்டார். அடுத்த கிழமையே மெஷின் நின்றது. பம்பைக் கழற்றினோம், பூட்டினோம். கறுப்புப் புகைதான் வந்தது. கண்டாவளையில் என் அக்காவின் வயல் உழவுக்குக் காத்துக் கிடந்தது. மழை வலுத்தால் அந்தச் சேற்றில் மெஷின் இறங்காது, போகம் போச்சு.

"இவ்வளவு காலம் கூட நிண்டனீங்கள், என்னத்தையடா பாத்தனீங்கள்?" என்று மனேஜர் எங்களைத்தான் ஏசினார்.

கடைசியில் லொறி அனுப்பி மெக்கானிக்கையே கூட்டி வந்தார்கள். வந்தவர் வழக்கம்போலச் சில்லறையை நீட்டினார். மற்றவர்கள் போனார்கள். நான் நகரவில்லை.

"நீ போகேல்லையோ?"

"இல்லை அண்ணை. நிண்டு பாக்கப் போறன். நாளைக்கும் மெஷின் நிண்டால் ஆர் பூட்டுறது?"

"அப்ப இண்டைக்கும் நீயே பூட்டு." ஸ்பனரை நிலத்தில் போட்டார்.

மனேஜர் ஓடி வந்தார். மெக்கானிக்கைக் கண்டிப்பார் என்றுதான் நினைத்தேன். என் தோளைப் பிடித்து, "குழப்பாதை தம்பி, வெளியில போ" என்றார். அக்காவின் வயலை நினைத்துக்கொண்டு போனேன்.

மெஷின் ஓடியது. மெக்கானிக்கோடு ஒரு மூட்டை அரிசியும் லொறியில் ஏறியது. கண்டாவளைக்குப் போகும் வழியிலேயே மெஷின் மறுபடி நின்றது. லொறி மறுபடி வவுனியா போய் வருவதற்குள் மழை பிடித்துவிட்டது. அந்த மாரி முழுக்க அக்காவின் வயலில் புல்தான்.

சங்கக் கூட்டத்தில் மனேஜர் பழியை மழையில் போட்டார். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. அக்காவும் அதையே நம்பினா.

"மழை முந்தீட்டுது, ஆர் என்ன செய்யிறது?" என்றா.

"இல்லை அக்கா," என்றேன். "மழை வாற நேரத்துக்குத்தான் வந்தது."