பெல்ஜியம் கிளாஸ் என்று சொன்ன ஆறு டம்ளர்கள்

1984 மாசியில் நான் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனது சாமி கும்பிட இல்லை. மாமியார் தன்னிடமிருந்த ஆறு வெட்டுக் கண்ணாடி டம்ளர்களையும் அந்த ஊரில் இருக்கும் என் ஓரகத்தி சாந்தா அக்காவுக்கே கொடுத்துவிட்டார். எனக்குக் கிடைத்தது ஒரு பித்தளைக் குடம். அக்கா அவற்றை அலமாரியில் பூட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் பெல்ஜியம் என்பார். அடியில் ஒரு முத்திரையும் கிடையாது. அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

காலை ஆறரை பஸ். எண்பது கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம், டிக்கெட் ஏழு ரூபாய். (பௌர்ணமியன்று கிளம்பாதீர்கள், நிற்கக்கூட இடம் இருக்காது.)

விசாரித்துச் சொல்கிறேன் என்றதும் அக்கா சந்தோஷமாக ஒரு டம்ளரைத் துண்டில் சுற்றித் தந்தார். தேரடி வீதியிலிருந்து ஐந்து நிமிட நடையில், சரவிளக்கு பழுதுபார்க்கும் ஒரு பாய் கடை இருந்தது. பாய் டம்ளரை வெளிச்சத்தில் திருப்பினார். நகத்தால் வெட்டுகளைத் தடவினார். விளிம்பைச் சுண்டினார். மணி மாதிரி நெடுநேரம் ஒலித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

“அச்சுல ஊத்தினதுன்னா ஓரத்துல கோடு தெரியும்மா. இது கையால வெட்டினது. கண்ணாடியில ஈயம் ஜாஸ்தி, அதான் இந்த கனம்” என்றார்.

“பெல்ஜியம்தானுங்களா?”

படம் போட்ட பழைய விளக்குப் பட்டியல் ஒன்றைப் புரட்டி, டம்ளரின் அடியிலிருந்த நட்சத்திர வெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். “பெல்ஜியம் இல்ல. செக்கோஸ்லோவாகியா சரக்குனு தோணுது. முத்திரை இல்லாம சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஒசத்தி மால், பத்திரமா வெச்சுக்குங்க.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆவலாகக் கேட்டார். “பெல்ஜியம் இல்லையாம்க்கா” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் முகம் வாடும் என்று காத்திருந்தேன். அக்காவோ சிரித்துவிட்டார். “நல்லதா போச்சு. ஒடஞ்சிடுமோனு தொடக்கூட பயந்துனு இருந்தேன்.” அன்று மாலையே ஆறிலும் நன்னாரி சர்பத் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார். என் பங்கை நான் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டேன். அடுத்த வருஷம் போனபோது நான்குதான் மிச்சம். பிள்ளைகள் கைதவறி இரண்டு உடைந்துவிட்டனவாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

உங்களிடம் முத்திரையில்லாத டம்ளர் இருந்தால் ஓரக்கோடு, கனம், ஒலி, அடிவெட்டு நான்கையும் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். கேட்டு வந்ததை வீட்டில் முழுதாகச் சொல்லிவிடுங்கள். நான் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை அக்காவிடம் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.