குரல் பிடிக்க ஒரு பெட்டி

மருத்துவர் படம் வரைந்து காட்டினார், அதுதான் வினையாகப் போயிற்று. வாயால் மட்டும் சொல்லியிருந்தால் பாதி புரியாமல் நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருப்பேன். ஒரு துண்டுத் தாளில் கழுத்தை வரைந்தார். அதில் தைராய்டு சுரப்பியை வரைந்து, என் கட்டியை ஒரு வட்டமாகப் போட்டார். அந்த வட்டத்தின் பின்னால் மெல்லியதாக ஒரு கோடு இழுத்தார்.

"இந்த நரம்புதான் குரலுக்கு. இதை ஒட்டித்தான் நாங்க வேலை செய்யணும். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சிலருக்குக் குரல் மாறலாம். திரும்ப வர மாசக்கணக்கு ஆகலாம்."

"வராமலே போறதும் உண்டா டாக்டர்?"

"ரொம்ப அபூர்வம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர், "அப்ப பிரச்சினை இல்ல" என்று எழுந்தே விட்டார். அவருக்குக் கிண்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. அபூர்வம் என்றால் அவர் கணக்கில் பூஜ்யம். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை, வாயை வைத்துப் பிழைக்கிறவள். அபூர்வம் என்றால் யாரோ ஒருத்திக்கு நடக்கிறது என்று எனக்குக் கேட்டது. அந்த ஒருத்தி நானாக ஏன் இருக்கக் கூடாது?

பள்ளிக்கூடம் போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. வாரம் ஒரு கதையைச் சிறுவர்களுக்காகப் படித்துப் பாட்காஸ்ட்டாகப் போடுகிறேன். செல்போனில் பதிவு செய்வதுதான். எங்கள் பெருங்களத்தூர் வீட்டில் ரயில் சத்தம், ஜி.எஸ்.டி. சாலை ஹாரன், தண்ணீர் லாரி, மேலே விமானம் எல்லாம் சேர்ந்துதான் கதை சொல்லும். நரி காக்காவிடம் பேசும்போது கீழ்வீட்டு குக்கர் குறுக்கே பேசும். கேட்கிற பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தியதில்லை. நானும்தான்.

அந்தத் துண்டுத் தாளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு பொருட்படுத்தினேன். அறுவை சிகிச்சைக்கு முன்னால் நல்ல மைக்கும் ஆடியோ இண்டர்ஃபேஸும் வாங்கி, நாலைந்து கதைகளைச் சுத்தமாகப் பதிவு செய்து வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். "ஓய்வில் இருக்கும்போது வாராவாரம் போட ஸ்டாக் வேணும்ல" என்று கணவரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. குரல் போய்விட்டால், என் குரல் என்று இந்த உலகத்தில் மிஞ்சப்போவது அந்தப் பதிவுதான் என்பது மீதி. அந்த மீதியை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"செல்லுலயே நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"அதுல என் குரலைவிடத் தண்ணி லாரிதான் நல்லாக் கேக்குது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷனுக்குப் பயம் என்பதே கிடையாதா என்று ஆத்திரமாக வந்தது.

இண்டர்ஃபேஸ் என்பது மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் வீடியோ பார்த்ததில் எனக்குத் தலை சுற்றிவிட்டது. விலை குறைந்த பெட்டியில் இரைச்சல் வரும் என்றார் ஒருவர். இரைச்சல் பெட்டியில் இல்லை, உங்கள் அறையில்தான் இருக்கிறது என்றார் இன்னொருவர். ஒரு மைக் செருகுகிற பெட்டி போதும் என்றார் ஒருவர், இரண்டு செருகுகிறதை வாங்காவிட்டால் பின்னால் வருந்துவீர்கள் என்றார் வேறொருவர். பின்னால் என்ற சொல் வரும் இடத்தில் எல்லாம் வீடியோவை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன். புடவை வாங்கப் போனால் பத்து நிமிடத்தில் வெளியே வருகிறவள் நான். இந்தப் பெட்டியைத் தப்பாக வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க நேரம் இருக்காது என்ற பயத்தில், ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் அழிப்பதுமாகக் கிடந்தேன்.

கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் இசைக்கருவிகள் விற்கிற கடைக்கு இருவரும் போனோம். கீபோர்டு, டிரம், சபைகளுக்கு மைக் செட் எல்லாம் அங்கேதான் போகும். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னாக்கா, சர்ச்சுக்கா? மிக்ஸர் வேணுமா?" என்றார்.

"வீட்டுக்குத்தாங்க. கதை படிச்சு ரெக்கார்ட் பண்ண."

"எந்த ஏரியா?"

சொன்னேன்.

"அங்க போய் கண்டென்சர் மைக் வச்சீங்கன்னா பக்கத்து வூட்டு குக்கர் எத்தினி விசில்னு எண்ணிக்கினு குந்தலாம். டைனமிக் எடுத்துக்கோக்கா. வாயாண்ட வச்சுப் பேசு, தூரத்துச் சத்தம் அவ்ளோ வராது. ஆனா அது கம்மியாத்தான் சவுண்டு குடுக்கும், பொட்டி கொஞ்சம் தூக்கிக் குடுக்கணும்."

அதையும் வீடியோவில் பார்த்திருந்தேன். அவர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று ஒரு மைக்குக்கு, இன்னொன்று இரண்டு மைக்குக்கு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

"ரெண்டு இருக்கறதே எடுத்துக்கோக்கா. நாளைக்கு யாருனா கூட வந்து குந்திப் பேசினா?"

நியாயமான பேச்சுதான். ஆனால் நாளைக்கு என்று யோசித்து வாங்க எனக்குத் துணிவில்லை. நான் பாட்டுக்கு நாளையை நம்பி இரண்டு மைக் பெட்டி வாங்கினால், யாரோ மேலே இருந்து பார்த்து, இவளுக்கு ஆசையைப் பார் என்று நினைத்துவிடக் கூடும் என்று பயந்தேன். படித்தவள்தான், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள்தான், இருந்தும் அப்படித்தான் பயந்தேன். "ஒண்ணு போதும்" என்றேன். கணவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பர்ஸை எடுத்தார்.

பில் போடும்போது கடைக்காரர், "ஒரு வருசம் வாரண்டிக்கா. எதுனா பேஜார்னா எடுத்தாந்து குடு, மாத்தித் தரேன்" என்றார். பெட்டிக்கு மாற்று உண்டு. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் பதிவுக்கு ஓர் ஏற்பாடு செய்தோம். எங்கள் லேப்டாப் பழையது, அதன் விசிறி பம்ப் செட் போட்டதுபோல் இரையும். அதனால் லேப்டாப்பை ஹாலில் வைத்தோம். பெட்டியும் மைக்கும் படுக்கையறையில் என்னோடு. இரண்டுக்கும் இடையே நீளமான கேபிளைக் கதவுக்கு அடியில் விட்டு, கதவைச் சாத்தி, இடுக்கில் துண்டைத் திணித்தோம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நான் உள்ளே படிப்பேன். கணவர் ஹாலில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, திரையில் ஒலியின் கோடு அசைகிறதா என்று பார்த்துக்கொள்வார். மைக் வந்த உற்சாகத்தில் அவரும் மாலையில் சீக்கிரமே வீடு வந்தார்.

பெட்டியிலேயே ஹெட்ஃபோன் செருக இடமிருந்தது. பேசினால் என் குரல் நேரே காதுக்குள் வந்தது. அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு தெளிவாக என் குரலை நான் கேட்டதே இல்லை. எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. முதல் நாள் அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவா போகப்போகிறது என்று நினைத்தேன்.

கதை முடிந்து கதவைத் திறந்தால், "கோடு நல்லா ஓடுச்சு. டீ போடட்டுமா?" என்பார். பதிவைப் போட்டுக் கேட்கலாம் என்பார். நான் வேண்டாம் என்பேன். செத்தவர்களின் குரலைக் கேட்பது போல் இருக்கும் என்று பயம். அப்படி ஐந்து கதைகள் படித்து முடித்தேன்.

மருத்துவமனையில் சேர வேண்டியதற்கு முந்தின நாள், அவர் ஃப்ளாஸ்க்கும் துண்டும் வாங்கக் கடைக்குப் போயிருந்த காலை நேரத்தில், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, ஹெட்ஃபோனை லேப்டாப்பில் மாட்டி முதல் பதிவைப் போட்டேன்.

என் குரல் இல்லை. எங்கோ மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ முணுமுணுப்பது மட்டும் கேட்டது. லேப்டாப் விசிறி இரைந்தது. கீழே லாரி ஹாரன். அடுத்த பதிவும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

காரணம் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. பதிவு செய்யும் மென்பொருளில், எந்த மைக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஓர் இடம் இருக்கிறது. அங்கே நான் பெட்டியைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. லேப்டாப்பின் சொந்த மைக்கே இருந்திருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டது பெட்டி எனக்கு மட்டும் நேராகக் கொடுத்த குரல். திரையில் அசைந்த கோடு ஹாலின் சத்தம். அத்தனை வீடியோ பார்த்து, அத்தனை யோசித்து வாங்கிய பெட்டி ஒரு கதையைக்கூடப் பிடிக்கவில்லை. நாளை மறுநாள் என் கழுத்தை அறுக்கப் போகிறார்கள்.

முதல் பதிவையே மறுபடி ஓடவிட்டிருந்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றப் போனபோது, அதிலிருந்து, மிக அருகில், கணவரின் குரல் கேட்டது.

"இதோ பாரும்மா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. குரல்தான்... கொஞ்ச நாள் ஆகும்னு சொல்றாங்க."

நிறுத்தினார். தொண்டையைக் கனைத்தார். மறுபடியும் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

"இதோ பாரும்மா. அழக் கூடாது. குரல் வரலைன்னா என்ன, நீ எழுதிக் காட்டு, நான் படிச்சுக்கறேன். சேச்சே. இப்படிச் சொன்னா இன்னும் பயந்துடுவா."

உள்ளே நான் ஏதோ குரங்குக் கதையை இழுத்து இழுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஹாலில் அவர் ஒத்திகை பார்க்கிறார். இரண்டாம் பதிவிலும் அதே ஒத்திகை. மூன்றாவதில் "இதோ பாரும்மா" என்று சொல்லிவிட்டு மேலே போக முடியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பிறகு கதவு திறக்கிற சத்தம். உடனே, ஒன்றுமே நடக்காத குரலில், "கோடு நல்லா ஓடுச்சு. டீ போடட்டுமா?"

நான் அழுதேன். என்மேல் இரக்கப்பட்டு அழுதேனா, அவர்மேலா என்று தெரியவில்லை. இத்தனை நாளும் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவோ தேவலை. அவரும் பயப்படுகிறார் என்றால் பயப்பட விஷயம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அபூர்வம் என்பதை அவரும் நம்பவில்லை.

அவர் திரும்பி வந்ததும், "ஒரு கதையை மறுபடி படிக்கணும், சரியா வரல" என்றேன். மென்பொருளில் பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். இரண்டு வரி படித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் இப்போது அவர் என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்ததும் படித்த வரி தவறிவிட்டது. மறுபடி ஆரம்பித்தேன். குரல் நடுங்கியது. நடுங்குகிற குரலையா விட்டுவிட்டுப் போவது? மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"அதுக்குள்ளயா?"

"போதும். ஏற்கெனவே படிச்சதே நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் டீ போட எழுந்து போனார்.

அறுவை சிகிச்சை அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு போகும்போது, கடைசியாக என்ன பேசினேன் என்று யோசித்தேன். "என் வாட்ச்சைக் கழட்டி வச்சுக்கோங்க" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம் என்று வருத்தமாக இருந்தது. அதற்குள் மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள்.

கண் விழித்தபோது கழுத்தில் கட்டு. தொண்டை முழுக்க எரிச்சல். எங்கே இருக்கிறேன் என்பது மெதுவாகத்தான் புரிந்தது. பேசிப் பார்க்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கப் பயந்து இறுக மூடிக்கொண்டேன். திறக்காதவரை குரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ.

திரைச்சீலை விலகியது. கணவர் வந்தார். சட்டை கசங்கி, கண் சிவந்து, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே குனிந்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"இதோ பாரும்மா" என்றார்.

அடுத்த வார்த்தை எனக்குத் தெரியும். அதற்கடுத்ததும் தெரியும். அதை அவர் வாயால் கேட்க என்னால் முடியாது. கையை எடுத்து அவர் வாயைப் பொத்தப் பார்த்தேன், கையில் ஊசிக் குழாய் இருந்தது.

"சொல்லாதீங்க" என்று கத்தினேன். "வேணாம், சொல்லாதீங்க."

கரகரவென்று, உடைந்துபோய், காற்றும் சத்தமுமாக என் குரல் வந்தது. பக்கத்துக் கட்டிலருகே நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

அவர் குனிந்த வாக்கில் அப்படியே நின்றார். "தண்ணி இப்ப குடிக்கக் கூடாதாம்... அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாய் கோணியது. கட்டில் கம்பியை விட்டுவிட்டு என் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

சொன்னேன்.