தனம் அக்காவின் கூட்டத்துக்குப் பாயோடு வாருங்கள்

தம்போயில் மகன் வீட்டில் காலைத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, எங்கள் ஊர் மெர்சிங் கரையோரத்துக்கு விடாத கனமழை எச்சரிக்கை. கடல் கொந்தளிக்கும், தாழ்வான இடங்களில் இருப்போர் தயாராக இருக்க வேண்டும் என்றது. இரண்டாவது தனம் அக்காவின் மகள் கவிதாவிடமிருந்து. “ஆன்ட்டி, அம்மா இறந்துட்டாங்க. நேத்து சாயங்காலம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு.”

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். புயல்மழை வருகிறது என்றால் முதல் ஆளாக எழுந்து நிற்கிற மனுஷியை அன்றைக்கென்று பார்த்தா கொண்டுபோக வேண்டும்? கோத்தா திங்கி சாலையில் தண்ணீர் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மகனை அவசரப்படுத்திக் காரில் ஏறினேன். வழி முழுக்க மழை.

திருமதி தனலெட்சுமி அவர்களை எங்கள் கம்பத்தில், அதாவது எங்கள் கிராமத்தில், அந்தப் பெயரில் யாரும் அழைத்ததில்லை. எல்லாருக்கும் அவர் தனம் அக்கா. ஆற்றுமுகத்தில் இருக்கும் கெரோப்போக் என்ற மீன் அப்பளத் தொழிற்சாலையில் மீன் அரைக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் அந்தப் பிரிவுக்கே சூப்பர்வைசர் ஆனவர். நான் பொட்டலம் கட்டும் பிரிவுக்குப் புதிதாகப் போன அன்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். “மூக்க மூடாத மேகலா. இந்த வாடைதான் நாளைலேர்ந்து ஒனக்குச் சோறு போடப் போவுது” என்றார். அன்றிலிருந்து அவர் பேச்சை நான் தட்டியதில்லை. போன வருடம் மகனோடு தம்போய்க்குப் போகும்வரை அவர் பக்கத்திலேயே இருந்தேன்.

எங்கள் கம்பத்தைப் பற்றி, பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் மழையும் கடல் பெருக்கும் ஒன்றாக வந்தால் ஆற்று நீருக்கு இறங்க வழி இருக்காது, வீட்டுக்குள் வந்துவிடும். அரசாங்கம் ஒதுக்கிய தங்குமிடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கூடம். பாலத்துச் சாலைதான் முதலில் முழுகும். இந்தப் பக்கம் மேடாக இருப்பது எங்கள் கோயில் மண்டபம் ஒன்றுதான். கோயில் தனி, மண்டபம் தனி. நடுவில் கார் நிறுத்தும் இடம். அக்கா நிர்வாகக் குழுவில் இருந்தார். சமையல்கட்டும் மண்டபச் சாவியும் அவர் பொறுப்பு.

காற்று வடக்கே திரும்பியதுமே அவர் வேலையை ஆரம்பித்துவிடுவார். அரிசி மூட்டையும் சமையல் கேஸ் தோம்பும் மேடைமேல் ஏறிவிடும். பீப்பாய்களில் குடிதண்ணீர் நிரம்பிவிடும். தகரக் கூரையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்ட ஆள் பிடிப்பார். பிறகு வீடு வீடாகப் போவார். யாருக்கு இன்சுலின், யார் வீட்டில் கைக்குழந்தை, யார் நடக்க முடியாதவர் என்று கேட்டு, எச்சரிக்கை வந்த அன்றே கூட்டிவந்துவிடுவார். “என்னாக்கா, வெயிலு பளபளன்னு அடிக்குது, இப்பவே கூப்பிடுறீங்க?” என்று சிரிப்பார்கள். “நனைஞ்சுட்டு வந்தா ஒனக்கு மாத்துத்துணி யாருடா குடுக்கிறது? காஞ்சிருக்கிறப்பவே வா லா!” என்பார். தமிழர், மலாய்க்காரர் என்று அவர் பார்த்ததே கிடையாது. பக்கத்து வரிசை மீனவர் குடும்பங்களும் மண்டபத்தில்தான் வந்து படுக்கும்.

அப்படித்தான் ஒரு வருடம் பெரிய வெள்ளம் வந்தது. மின்சாரம் போய்விட்டது. மக்சிக் ரொக்கியா, அக்காவின் பக்கத்து வீட்டு மலாய் அம்மாள், புருஷன் பிடித்துவந்த மீனை வாளி வாளியாகக் கொண்டுவந்தார். சும்மா வந்து சாப்பிட அவருக்கு மனமில்லை. ஐஸ் கிடையாது, விட்டால் நாறிப்போகும். அக்கா யோசித்தார். கோயில் பாத்திரத்தைத் தொடாமல், மக்சிக் வீட்டுச் சட்டியையே எடுத்துவரச் சொல்லி, மண்டபக் கேட்டுக்கு வெளியே தார்ப்பாய் கட்டி, இரண்டு பேரும் குடையும் கரண்டியுமாக நின்று குழம்பு வைத்தார்கள். ஆனால் மழை சாட்டையடியாக அடித்தது. “புள்ளைங்க தெருவுல நின்னா திங்கும்? உள்ள உக்காருங்க, போங்க” என்றார் அக்கா. சமைத்தது வெளியே, சாப்பிட்டது உள்ளே. அவர் செய்த குற்றம் இதுதான்.

தண்ணீர் வடிந்ததும் கூட்டம் போட்டார்கள். “இது கோயில் மண்டபம்க்கா. மீன் மார்க்கெட் இல்ல” என்றார் கோயில் தலைவர். அக்கா எழுந்து நின்றார். “அம்மன் கடலோரத்துல உக்காந்திருக்கா. அவளுக்கு மீன்வாடை புதுசா? ஒங்களுக்குத்தான் புதுசு.” அத்தோடு அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்.

நானும் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவள்தான். சுத்தபத்தம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அக்காவும் திருவிழா மாதத்தில் மீனைக் கையால் தொடமாட்டார். தொழிற்சாலையில் கெஞ்சிக் கேட்டுக் கணக்கெழுதும் வேலைக்கு மாறிக்கொள்வார். விதிமுறை இருக்கட்டும், அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அங்கே படுத்து எழுந்த ஜனங்கள் தங்கள் வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் கண்ணெதிரே, மைக் கட்டி மந்திரம் சொல்லி, மண்டபம் முழுக்க மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினீர்களே, அதை எப்படி ஐயா மறக்கிறது? மக்சிக் ரொக்கியா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: “தனம், காமி கோத்தோர் கா?” நாங்கள் அழுக்கா என்று கேட்டார். வாயாடி என்று பேர் வாங்கிய தனம் அக்கா அன்று மக்சிக் வீட்டுக்குப் போய் அவரோடு சேர்ந்து சேற்றை வாரினார்.

அதற்குப் பிறகு மக்சிக் எந்த மழைக்கும் மண்டபத்துப் பக்கம் வரவில்லை. அக்கா மட்டும் விடவில்லை. காற்று திரும்பினால் வீடு வீடாகப் போவதும், சாவிக்காகத் தலைவர் வீட்டு வாசலில் நிற்பதும் வருடா வருடம் நடந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகுதான் சாவி வரும். 

கடைசியாகச் சாவி கேட்டுப் போனது முந்தாநாள் மதியம். கவிதா கூடப் போயிருக்கிறாள். தலைவர் கேட்டைக்கூடத் திறக்காமல், “கூட்டத்துல பேசி முடிவெடுக்கிறோம்க்கா” என்றாராம். அக்கா மழையில் நனைந்து வீடு திரும்பி, அரிசியை அலமாரி மேல் ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மருத்துவர் இதயம் என்றார். அவர் சாவுக்கு நான் யார்மேலும் பழி போடவில்லை. அந்தக் கேட்டு திறக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

தகனம் முடிந்தது. அதே தலைவர் ஆளுயர மாலையோடு வந்தார். மறுநாள் மாலை மண்டபத்தில் இரங்கல் கூட்டம் என்று அறிவித்தார். “அன்னாரின் அளப்பரிய சேவை” என்று பேனர்கூட அடித்தாகிவிட்டது. “மேகலா, நீங்க நாலு வார்த்த எழுதி வாசிங்க, நீங்கதான் நெருக்கம்” என்றார். அலமாக்! உயிரோடு இருந்தவருக்குத் திறக்காத மண்டபம் அவர் படத்துக்குத் திறக்கிறது.

சரி என்றேன். மறுநாள் விடிந்து மண்டபத்துக்குப் போனேன். வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அக்கா படம் மேடையில் இருந்தது. நாற்காலி போட வந்தவர்கள் சாவியைக் கதவிலேயே விட்டிருந்தார்கள். ஆறு அதற்குள் கம்பத்துப் படித்துறையை முழுங்கியிருந்தது. நானும் கவிதாவும் வீடு வீடாகப் போனோம். “தனம் அக்கா கூட்டத்துக்கு வாங்க. பாயோட வாங்க. தலையணை, மருந்து, மாத்துத்துணி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க. இப்பவே!”

வந்தார்கள். கைக்குழந்தையோடும் இன்சுலின் பெட்டியோடும் வந்தார்கள். நாற்காலிகளை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். தலைவர் குடையோடு ஓடிவந்தார்.

“என்னம்மா இது? கூட்டம் சாயங்காலம்தானே?”

“சீக்கிரமே வந்துட்டாங்க தலைவரே. அக்கா மேல அவ்வளவு பாசம்.”

“பாய் எதுக்கு?”

“அழுது களைச்சா படுக்க வேணாமா?”

அஞ்சலி செலுத்த வந்தவர்களை அஞ்சலிக் கூட்டத்திலிருந்து எப்படி விரட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. 

மக்சிக் ரொக்கியா கடைசியாக வந்தார். கையில் மூடிய மீன் வாளி. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நான் கூப்பிட்டும் வரவில்லை. கவிதா மழையில் இறங்கிப் போனாள். வாளியை வாங்கி, கேட்டோரம் நாங்கள் கட்டியிருந்த தார்ப்பாய்க்கடியில் வைத்துவிட்டு, “மாசோக் மக்சிக், இனி ரூமா மாக்” என்றாள். உள்ளே வாங்க, இது அம்மா வீடு. மக்சிக் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, அக்கா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். அதைவிட நல்ல இரங்கலுரை எனக்கு எழுத வராது.

இதைச் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீர் தெருமுனைக்கு வந்துவிட்டது. உள்ளே எல்லாரும் காய்ந்த துணியோடு இருக்கிறார்கள். தார்ப்பாய்க்கடியில் குழம்பு கொதிக்கிறது.

போய் வாருங்கள் அக்கா. மண்டபச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. தலைவர் ஏற்கெனவே ஒருமுறை வந்து கேட்டுவிட்டார். கூட்டத்தில் பேசி முடிவெடுக்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.