கையை எடுத்தால் நின்றுவிடும்

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டிப் போகும் ஒரு சந்தில் சக்கரபாணி முதலாளியின் வாடகை அறைகள் இருந்தன. அறைகளுக்குப் பின்னால் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகக் காய்கறித் தோட்டம். மோட்டார் கொட்டகையை ஒட்டி, ஓடு போட்ட ஒற்றை அறை ஒன்று. அதில்தான் ராமதாசும் அவன் மனைவி காசியம்மாளும் குடியிருந்தார்கள். வாடகை கிடையாது. சும்மா கிடைக்கும் வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. முதலாளி வந்து கதவைத் தட்ட மாட்டார், அறைப்பக்கத்தில் நின்றபடியே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு ஓட வேண்டும்.

ராமதாஸ் முன்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பட்டறையில் பம்ப்செட் மெக்கானிக். சக்கரபாணியின் கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்க வந்தவனை அவருக்குப் பிடித்துப்போனது. "இங்கயே இருந்துடேன்டா" என்றார். இருந்துவிட்டான். சக்கரபாணி நல்ல மனுஷர் என்று தெருவே சொல்லும், ராமதாசும் மறுக்க மாட்டான். தொல்லையே அதில்தான் இருந்தது. கெட்டவராக இருந்தால் ஒரு நாள் நன்றாகச் சண்டை போட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். தீபாவளிக்கு வேட்டியும், ஜுரம் வந்தால் பார்லி கஞ்சியும் கொடுத்தனுப்புகிறவரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

எழுபத்தொன்பதாம் வருஷம் அந்த மெஷின் வந்தது. அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்குத் தோட்ட வேலையில் பைத்தியம். ஊரிலிருந்து கப்பலில் ஒரு மரப்பெட்டியை வரவழைத்தார். பெட்டி வந்து சேர்வதற்குள் அவருக்கு உடம்பு கெட்டு ஊருக்கே திரும்ப வேண்டியதாயிற்று. போகிற அன்று ஆணி கூடப் பிடுங்காத பெட்டியை முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார். திறந்தால் பெட்ரோலில் ஓடி மண்ணைக் கிளறும் சின்ன டில்லர், அக்கு அக்காகப் பிரித்து வைக்கோலிலும் பேப்பரிலும் சுற்றியிருந்தது. கூடவே ஒரு படப் புத்தகம். எழுத்து என்ன பாஷை என்று யாருக்கும் புரியவில்லை.

ராமதாஸ் கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்தான். இஞ்சினில் ஒரு சொட்டு ஆயில் இல்லை என்பதை முதலில் பார்த்தது அவன் பட்டறைப் பழக்கம். அதை ஊற்றினான். கைப்பிடியின் இரண்டு கம்பிகளையும் போல்ட் போட்டு முறுக்கினான். பிளேடுகளை அச்சில் கோத்தான். எல்லாம் முடிந்து, முதலாளியின் வீட்டாரெல்லாம் கூடி நிற்கக் கயிற்றை இழுத்தால், மெஷின் மண்ணைக் கிளறாமல் தத்தித் தத்திக் குதித்தது. பிளேடுகளை இடம் வலமாக மாற்றிக் கோத்திருக்கிறான். அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிரித்துத் திருப்பிக் கோத்த பிறகு வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி மண்ணில் இறங்கியது.

அந்தப் படப் புத்தகத்தில் ராமதாசுக்கு மிகவும் பிடித்த படம் ஒன்று உண்டு. ஓட்டுகிறவன் கைப்பிடியை விட்டுவிட்டு விலகி நிற்கிறான், மெஷின் நின்றிருக்கிறது. கைப்பிடிக்கு அடியில் சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு கிளட்ச்சுப் பிடி இருந்தது. கைப்பிடியோடு சேர்த்து அதை அழுத்தினால்தான் பிளேடு சுற்றும். கையை எடுத்தால் ஸ்பிரிங் அதை விடுவித்துவிடும், பிளேடு நின்றுவிடும். "இன்னா மூளை பாரு அவனுங்களுக்கு" என்று பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அழுத்தியும் விட்டும் காட்டுவான்.

அதுதான் வினையாகப் போயிற்று. "ராமதாஸ் இல்லாட்டி அது ஓடாதுங்க" என்று முதலாளி பெருமையாகச் சொல்லத் தொடங்கினார். பக்கத்துத் தோட்டங்களுக்கும், புதிதாக வந்த விடுதிகளுக்கும் மெஷினோடு ராமதாசையும் சேர்த்தே அனுப்பினார். தன் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போளூர் போய் ஒரு ராத்திரி தங்க ராமதாசால் முடியவில்லை, மறுநாள் யாருக்கோ பாத்தி கிளற வேண்டியிருந்தது. பௌர்ணமிக்கு மலை சுற்றப் போவான். எவ்வளவு தூரம் நடந்தாலும் கடைசியில் அதே சந்துக்குத்தான் வந்து சேர வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் கால் கனத்துப்போகும். யாரிடம் சொல்வது? சொன்னால், உனக்கென்னடா குறைச்சல் என்பார்கள்.

எண்பத்தொன்றில் அண்ணன் இராமலிங்கம் ஓசூரிலிருந்து வந்தான். அங்கே ஒரு லேத் பட்டறையில் அவன்தான் மேஸ்திரி. "தீபாவளி கழிச்சு ஒரு ஆளு எடுக்கறாங்க. உனக்குச் சொல்லி வச்சிக்கீறேன். அதுக்கு மேல நிறுத்தி வைக்க முடியாது, பாத்துக்க" என்றான். அந்த வாரமே ராமதாஸ் முதலாளி முன்னால் போய் நின்றான். ஓசூர் போக வேண்டும் என்று எப்படியோ சொல்லிவிட்டான்.

சக்கரபாணி மீசையைத் தடவினார். "போடா, நான் இன்னா கட்டியா போட்டுக்கீறேன்? ஆனா மெஷின ஓட்ட ஒரு ஆளு வோணும். அர்ஜுனனுக்குக் கத்துக்குடு. விஜயதசமி அன்னிக்கு என் கண்ணு முன்னால அவன் தனியா ஓட்டிக் காட்டணும். காட்டிட்டான்னா நானே உன்ன பஸ் ஏத்தி உடறேன்."

அர்ஜுனன் அதே தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவன், ராமதாசைவிட இரண்டு வயது மூத்தவன். பயந்த சுபாவம். கரப்பான் பூச்சிக்கே ஒதுங்கிப் போகிறவனை இஞ்சின் பக்கத்தில் நிற்க வைப்பதற்குள் ராமதாசுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. ஆனாலும் ஓசூர் பஸ் அர்ஜுனனின் தோள்மேல் அல்லவா ஏறி நிற்கிறது? பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். காலையில் மெஷினை எடுக்குமுன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி கேட்பான்.

"மொதல்ல இன்னா பண்ணுவ?"

"காக்கி பேண்ட் போடுவேன். லுங்கி, வேட்டி, துண்டு ஒண்ணும் ஆகாது."

"அப்புறம்?"

"ஆயில் பாப்பேன். இஞ்சின் ஆறிக்கீதான்னு பாத்துட்டு பெட்ரோல் ஊத்துவேன். பீடி பத்த மாட்டேன். மண்ணுல கல்லு கம்பி கெடந்தா பொறுக்குவேன்."

"பிளேடுல கொடி சுத்திக்கிச்சுன்னா?"

"இஞ்சின நிறுத்திட்டு, பிளக்கு ஒயர புடுங்கிட்டுத் தான் கை வைப்பேன்."

"கிளப்பறதுக்கு முன்னாடி?"

"கிளட்ச்சுப் புடிய அழுத்தி உட்டுப் பாப்பேன். துள்ளி வரணும்."

"மெஷின் திமிறுச்சுன்னா?"

"அதோட மல்லுக்கட்ட மாட்டேன். கைய எடுத்துட்டு ரெண்டடி பின்னால வந்துடுவேன். அதுவா நின்னுடும்."

கடைசி பதிலை மட்டும் அர்ஜுனன் சிரித்துக்கொண்டே சொல்வான். அந்த ஒன்றை நம்பித்தான் அவன் மெஷினையே தொட்டான். புரட்டாசி பாதியில் கத்தரிப் பாத்தி முழுவதையும் தனியாகக் கிளறி முடித்தான். ராமதாஸ் அன்று ராத்திரி டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலுக்கு வைக்கச் சொன்னான்.

"நீங்க எங்க போனாலும் வரப் போறேன்" என்று காசியம்மாள் சொன்னாள். சொன்னாளே தவிர, அவளுக்குப் போக மனசில்லை என்று அவனுக்குத் தெரியும். கொட்டகை ஓரமாக அவள் வைத்த மல்லி அந்த வருஷம்தான் பூக்க ஆரம்பித்திருந்தது. மெஷின்மேலும் அவளுக்கு ஒரு பாசம். தினமும் சாயங்காலம் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மண் போகத் துடைத்து, சாக்கு போட்டு மூடுவாள். மாட்டுக்குச் செய்கிற மாதிரி செய்வாள்.

சரஸ்வதி பூஜை அன்று மெஷினைக் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கதம்ப மாலை போட்டார்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த திருஷ்டிக் கயிற்றைக் காசியம்மாள்தான் கட்டினாள். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரத்தில் கற்பூரம் காட்டி மெஷினைக் கிளப்ப வேண்டும். காக்கியோடு வந்த ராமதாசை முதலாளி திருப்பி அனுப்பினார். "மெஷினுக்கே மாலை போட்டுக்கீறோம். நீ எண்ணெய் பேண்ட்டோட நின்னா நல்லாவா இருக்கும்? போய் நான் குடுத்த வேட்டியக் கட்டிக்கினு வாடா. ஓட்டப் போறது அவன்தானே."

வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். அர்ஜுனன் காக்கியில் விறைப்பாக நின்றிருந்தான். கிளட்ச்சுப் பிடியை அழுத்திப் பார்க்க ராமதாஸ் கையை நீட்டினான். "தொடாதடா" என்றார் முதலாளி. "பூஜைல வச்சத நேரம் வர்றதுக்கு முந்தி தொடக் கூடாது." எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அவன் பட்டறையிலும் அப்படித்தான். கையை இழுத்துக்கொண்டான். இதோ இன்னும் கொஞ்ச நேரம், அர்ஜுனன் ஒரு சால் ஓட்டினால் போதும் என்ற நினைப்பு வேறு. சந்தோஷத்தில் இருக்கிறவன் எதைப் பார்ப்பான்?

கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். அர்ஜுனன் பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இஞ்சின் கயிற்றை இழுத்தான். வழக்கத்தைவிடக் கயிறு இறுக்கமாக வந்தது. ராமதாசுக்கு அது உறைத்தது, ஈரத்தில் இஞ்சின் விறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அர்ஜுனன் பல்லைக் கடித்து மறுபடி இழுத்தான். இஞ்சின் பிடித்தது. பிடித்த அந்த நொடியே பிளேடுகள் சுற்றின. மெஷின் முன்னால் பாய்ந்தது.

அர்ஜுனன் மல்லுக்கட்டவில்லை. கையை எடுத்தான், இரண்டடி பின்னால் வந்தான், சொல்லிக் கொடுத்தபடியே நின்றான். அதுவாக நிற்கும் என்று இரண்டு கைகளையும் தூக்கியபடி காத்திருந்தான். மெஷின் நிற்கவில்லை. பெண்கள் நிற்கிற பக்கமாகத் துள்ளிக்கொண்டு போனது. எல்லோருக்கும் முன்னால் ஆரத்தித் தட்டோடு நின்றவள் காசியம்மாள்.

ராமதாஸ் தாவிப் போய்க் கைப்பிடியைப் பிடித்தான். மாலைக்கு அடியில் விரல்களுக்கு அந்தத் திருஷ்டிக் கயிறு தட்டுப்பட்டது. கைப்பிடியையும் கிளட்ச்சுப் பிடியையும் சேர்த்து இறுக்கி, இரண்டு முடிச்சு. என்ன நடந்திருக்கிறது என்பது அப்போதே அவனுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. இஞ்சின் சுவிட்சை அணைக்க எட்டிக் குனிந்தான். புது வேட்டியின் நுனி பிளேடில் மாட்டியது. துணி சுற்றச் சுற்ற அவன் கால் உள்ளே போயிற்று. கடைசியில் வேட்டி முழுக்கச் சுற்றி இறுகித்தான் இஞ்சின் திணறி நின்றது.

கணுக்கால் எலும்பு முறிந்து, குதிகாலுக்கு மேலே நரம்பும் அறுந்துபோயிருந்தது. கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தீபாவளி வந்து போயிற்று. அண்ணன் சாத்துக்குடியோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். "லேத்துல நாள் பூரா நிக்கணும்டா" என்றான். ராமதாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணன் அழுவதைப் பார்க்க வேண்டாம் என்றுதான்.

அர்ஜுனன் அதற்குப் பிறகு மெஷின் இருக்கிற பக்கமே வருவதில்லை. "அது உன் பேச்சத் தான் கேக்கும் ராமதாசு, எங்களையெல்லாம் மதிக்காது" என்றான். முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்து, எல்லோர் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. "நீ ஒண்ணும் கவலப்படாத. அந்த ரூம் உனக்கு ஆயுசுக்கும். நீ போய்டுவியோன்னு நானும் தூங்காமத் தான் கெடந்தேன்." அக்கம்பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பார் என்றார்கள்.

பொங்கல் கழிந்து அவன் மெஷினைப் பிடித்தான். ஒரு கால் தாங்கித் தாங்கித்தான் வந்தது. மெஷினும் மெதுவாகத்தானே ஊரும். வரப்பில் நின்று பார்த்த சக்கரபாணி, "உன் நடைக்கு ஏத்த மாதிரியே ஓடுது பாரேன்" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவனுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

கயிற்றைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை. ஆனால் அது உள்ளே கிடந்து அரித்தது. போக மனசில்லாதவள் கட்டிய கயிறு. கேட்டுவிட்டால் அப்புறம் அந்த ஒற்றை அறையில் இரண்டு பேரும் எப்படி முகம் பார்ப்பது? கேட்காமல் இருந்தாலும் சோறு இறங்கவில்லை. மாசி மாதம் ஒரு சாயங்காலம், அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டான்.

"அந்தக் கயித்த அங்க ஏன் கட்டுன?"

காசியம்மாளின் கை நின்றது. இவ்வளவு நாளும் அவள் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள் போல.

"அந்தப் புடி லொடலொடன்னு ஆடிக்கினே இருந்திச்சி. கழண்டு உழுந்துட்டா அர்ஜுனன் ஓட்ட முடியாது, உங்க பயணம் நின்னுபூடும்னு இறுக்கிக் கட்டுனேன்."

"அது எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்டிங்க தெரியும்? அர்ஜுனனுக்குச் சொன்னீங்க. மொதலாளிக்குச் சொன்னீங்க. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அமுக்கி அமுக்கிக் காட்டுனீங்க. தெனம் தொடைக்கிறவ நானு. எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே."

ராமதாஸ் காலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மண்ணெண்ணெய் வாசம் அடித்த அவள் கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்து, கிளட்ச்சுப் பிடியோடு சேர்த்து அழுத்தினான். பிறகு அவள் விரல்களை விலக்கினான். பிடி துள்ளித் திரும்பியது.

"இவ்ளோதானா?" என்றாள் அவள்.

"இவ்ளோதான்."

அறைப்பக்கத்திலிருந்து முதலாளி "ராமதாசு" என்று கூப்பிட்டார். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "வந்துட்டேங்க" என்று குரல் கொடுத்தபடி நொண்டிக்கொண்டே போனான்.