காது வெட்டாத குட்டி

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்தேன். அலுவலகத்துக்கு முன்னால் இருக்கும் மழைமானியைப் பார்த்தேன், மழை இல்லை. அந்த வாரத்துச் சட்டைகளைத் துவைத்து, கழுத்துப்பட்டைகள் ஒரே பக்கம் பார்க்கும்படி கொடியில் போட்டேன். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை போகும் முதல் பஸ் கீழ் வளைவில் ஹோன் அடித்தது. அதற்குப் பிறகு பத்து மணிவரை என்னிடம் யாரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான்.

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர், அலுவலகக் கணக்கெல்லாம் என் பொறுப்பு. மனைவி இறந்துவிட்டாள். மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். குவாட்டர்ஸில் நான் மட்டும். பேச்சுத்துணை என்றால் ஒரே ஒருவர்தான், தேயிலைத் தொழிற்சாலையின் இரவு வாச்சர். என்னைவிட மூத்தவர், கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கும் லயத்தில் இருப்பவர். வேலைக்குப் போகும் வழியில் என் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடிப்பார். தொழிற்சாலையில் யார் யாரோடு சண்டை, எந்தப் பக்கம் சிறுத்தை வந்தது என்று சொல்லிவிட்டுப் போவார். அவருடைய நாய் குட்டி போட்டபோது, கறுப்புக் குட்டி ஒன்றை எனக்கென்று ஒதுக்கினார்.

“தனியா இருக்கீங்க ஐயா. ராத்திரிக்கு வீட்டுல ஒரு சத்தம் வேணும்ல.”

எங்கள் தோட்டத்தில் குட்டியை அப்படியே தூக்கிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. கொடுப்பவரே இரண்டு காதின் நுனியையும் சவர பிளேடால் வெட்டி, அடுப்புச் சாம்பல் வைத்து, வெட்டிய துண்டுகளைச் சுட்டு அந்தக் குட்டிக்கே தின்னக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவார். தன் காதைத் தின்ற நாய் எதற்கும் பயப்படாது என்பார்கள். வாச்சர் கைக்கு நல்ல பெயர். மேல் டிவிஷனிலிருந்துகூடக் குட்டிகளைக் கொண்டுவருவார்கள். என் குட்டிக்கு அன்று மாலை வெட்டுவதாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல நான் ஒரு வாரமாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி. வந்தவர் ஓர் இளம் பெண் கால்நடை வைத்தியர். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். அவர் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். ஊசி போட்டு முடிந்ததும் அவர் காது வெட்டும் பேச்சை எடுத்தார். இதைச் சட்டம் போட்டே தடுக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள், சட்டம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே நிறுத்துங்கள் என்றார். வெட்டிய காதுக்குள் மழைத்தண்ணீர் இறங்கும், சீழ் பிடிக்கும், புழு வைக்கும் என்றார். அப்படியே சொன்னேன்.

வாச்சர் எழுந்தார். “காட்டுப் பன்னி மொதல்ல காதத்தான் கிழிக்கும். அட்டை கடிச்சுத் தொங்குறதும் காதுலதான். இது டொக்டர் மிஸ்ஸுக்குத் தெரியுமானு கேளுங்க ஐயா.”

கேட்டேன். அட்டையை விரலால் எடுத்துவிடலாம், காதைத் திரும்ப ஒட்ட முடியாது என்றார் அவர்.

“கருத்தடை செஞ்ச நாய்க்கு நீங்களே காதுல ஒரு துண்டு எடுக்குறீங்களே, அது மட்டும் என்னவாம்?”

அது அடையாளத்துக்கு, மயக்க மருந்து கொடுத்த பிறகு என்றார் டொக்டர்.

“அப்ப எங்களுக்கும் அந்த மருந்தக் குடுக்கச் சொல்லுங்க. நோகாம வெட்டுறோம்.”

மண்டபம் சிரித்தது. நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே டொக்டரும் சிரித்துவிட்டார். பின்வரிசையில் இருந்த கொழுந்துக்காரப் பெண் ஒருத்தி, “மொதல்ல ஒங்க காத வெட்டிப் பாருங்க மாமா, அத்தை திட்டுறது நல்லாக் கேக்குதானு” என்றாள். வாச்சரும் சிரித்தார்தான். ஆனால் உட்காரவில்லை.

“டொக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிட்டீங்க. இப்ப நீங்க சொல்லுங்க ஐயா. ஒங்க குட்டிக்கு வெட்டவா, வேணாமா?”

அதுவரை என் வாயிலிருந்து வந்ததெல்லாம் டொக்டரின் பேச்சு. அதற்குப் பின்னால் நிற்க எனக்கு வசதியாக இருந்தது. இனி அப்படி நிற்க முடியாது. “வேணாம் அண்ணே” என்றேன். அதோடு விடாமல், “யாருக்குமே வெட்ட வேணாம்” என்றும் சொன்னேன்.

“சரிங்க” என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். டொக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அது சந்தோஷமாக இல்லை.

மாலையில் வாச்சருக்காகக் கேத்தலை அடுப்பில் வைத்தேன். தண்ணீர் கொதித்தது. இறக்கி வைத்து, ஆறிய பிறகு மறுபடி சூடாக்கினேன். வாசலில் அவருடைய மருமகள் வந்து நின்றாள். கம்பளிக்குள்ளிருந்து குட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

“மாமா குடுக்கச் சொன்னாரு. காது முழுசா இருக்கு, பாத்துக்கங்கன்னு சொன்னாரு.”

“அவரு வரலையாம்மா?”

“இன்னைக்கு மேல் ரோட்டால போயிட்டாருங்க.”

மேல் ரோடு சுற்று. என் வாசலைத் தவிர்ப்பதற்கு அது ஒன்றுதான் வழி.

குட்டி என் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. காதைப் பிடித்துப் பார்த்தேன். வெற்றிலையைப்போல மெல்லியது, சூடாக இருந்தது. அதை வெட்டக் கூடாது என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் எனக்குக் கொடுக்க நினைத்தது குட்டியை மட்டுமல்ல. தன் கையால் செய்த வேலையையும் சேர்த்துத்தான். அதை நான் ஊர் முன்னால் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ராத்திரிக்கு வேண்டும் என்று அவர் சொன்ன சத்தம் வீட்டுக்கு வந்துவிட்டது. குட்டி தாயைத் தேடி விடாமல் முனகியது. பாலைத் தட்டில் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வாசற்படி காலியாகவே இருந்தது. இத்தனை வருடத்தில் அவர்தான் என்னிடம் ஏறி வந்திருக்கிறார், நான் ஒருமுறைகூட அவர் வீட்டுக்கு இறங்கிப் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கிளாக்கர்மார் லயத்தில் போய் உட்காரும் வழக்கம் இங்கே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாகக் குட்டியை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன். வேலை முடிந்து வந்த வாச்சர், லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பியவர்கள் நின்று பார்த்தார்கள்.

“ராத்திரி பூரா பால் குடிக்கல அண்ணே. எனக்கு ஒண்ணும் தெரியல” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குட்டியை வாங்கினார்.

“மாட்டுப் பாலா, மாவுப் பாலா?” என்று கேட்டார்.